தொற்றுக் காலத்தில் விமானப் பயணம்: இடைவெளியுள்ள சீட் முதல் கையில் இருக்க வேண்டிய சான்றிதழ் வரை

2021-இல் எழுபது வயது தாண்டிய என் அம்மாவை அழைத்துக்கொண்டு, நடுவில் ஒரு விமானம் மாறிப் போகும் நீண்ட பயணம் செய்ய வேண்டியிருந்தது. அம்மாவுக்கு நுரையீரல் பலவீனம். அதனால் ‘நடு சீட் காலியாக இருக்கும்’ என்று விளம்பரம் செய்த நிறுவனமாகத் தேடிப் பிடித்து, கூடுதல் கட்டணம் கொடுத்து டிக்கெட் எடுத்தேன். அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். நான் நடைபாதை ஓரம். கதவை மூடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒருவர் வந்து, எங்களுக்கு நடுவில் இருந்த சீட்டைக் கைகாட்டி போர்டிங் பாஸை நீட்டினார். பணிப்பெண்ணிடம் கேட்டேன். “விமானத்தை மாற்றிவிட்டார்கள், இதில் எல்லா சீட்டும் நிரம்பிவிட்டது” என்றார். பிறகு அந்த விளம்பரத்தை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் ‘இயன்றவரை’ என்ற ஒரு சொல் கண்ணில் பட்டது.

‘கோவிட் தொற்று இல்லை’ என்று காட்டும் பரிசோதனைச் சான்றிதழ் விஷயத்திலும் அதே பயணத்தில் அவதிப்பட்டேன். அதைக் கீழே சொல்கிறேன். கோவிட்-19 அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. ஆனாலும் அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இன்றைக்கும் ஒவ்வொரு பயணமும் கவலைதான். முதல் முறை இப்படிப் புறப்படுகிறவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. காலி சீட் எதைத் தரும், எதைத் தராது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைச் செலவு செய்யாதீர்கள். எகானமி வகுப்பில் ஒரு சீட்டின் அகலம் பெரும்பாலும் 17 முதல் 18 அங்குலம். நடு சீட் காலியாக இருந்தால் ஜன்னல் ஓரத்தில் இருப்பவருக்கும் நடைபாதை ஓரத்தில் இருப்பவருக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர் கிடைக்கும், அவ்வளவுதான். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள தூரம் பொதுவாக 28 முதல் 32 அங்குலம், அதாவது 71 முதல் 81 செ.மீ. ஆக, பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் முன்னாலும் பின்னாலும் இருப்பவர்கள் ஒரு மீட்டருக்குள்தான் இருப்பார்கள். கடையிலும் வங்கியிலும் சொல்லப்பட்ட ‘இரண்டு மீட்டர்’ விமானத்துக்குள் கிடைக்காது.

அப்படியென்றால் காலி சீட்டால் பயனே இல்லையா? இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு, நடு சீட்டைக் காலியாக விட்டால் வைரஸ் துகள்கள் நம்மை வந்தடைவது நிலைமையைப் பொறுத்து 23 முதல் 57 சதவீதம் வரை குறையும் என்று கணக்கிட்டது. அது ஆய்வுக்கூடத்து மாதிரி அறையில் எடுத்த அளவு. மாஸ்க்கின் பலன் அதில் சேரவில்லை. ஆபத்து குறையும், போய்விடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் தொடக்கத்தில் லண்டனிலிருந்து ஹனோய் போன பத்து மணி நேர விமானத்தை நினைத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். அறிகுறியோடு ஏறிய ஒருவரிடமிருந்து 15 பேருக்குத் தொற்றியிருக்கும் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அவர்களில் 12 பேர் பிசினஸ் வகுப்பில், அகலமான சீட்டுகளில் இருந்தவர்கள். அப்போது விமானத்தில் மாஸ்க் கட்டாயமில்லை. எனவே, நல்ல மாஸ்க்குக்குப் பதிலாகத் தாராளமான சீட்டை நம்பாதீர்கள். இரண்டும் கிடைத்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் மாஸ்க்.

2. டிக்கெட் எடுக்கும் முன் விமானத்தின் வகையைப் பாருங்கள்

முன்பதிவுப் பக்கத்தில் விமானத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என்றால் 3-3 அமைப்பு, அதாவது நடைபாதைக்கு இரு பக்கமும் மும்மூன்று சீட், நடு சீட் உண்டு. எம்ப்ரேயர் ஜெட், ஏடிஆர் 72 போன்றவற்றில் 2-2 அமைப்பு, நடு சீட்டே கிடையாது. ஏ330-இல் பெரும்பாலும் 2-4-2. இரண்டு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் ஜன்னல் பக்கத்து ஜோடி சீட் மிகவும் வசதி, நடுவில் அந்நியர் வர இடமே இல்லை. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் விளம்பரத்தைத் தேடியிருக்கவே மாட்டேன், ஜோடி சீட் உள்ள விமானத்தைத் தேடியிருப்பேன்.

காற்றைப் பற்றியும் கேளுங்கள். பெரிய ஜெட் விமானங்களில் கேபின் காற்று சுமார் 2 முதல் 3 நிமிடத்துக்கு ஒருமுறை முழுதாக மாறிவிடும். அதில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருவது. மீதி ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்ப வருவது. அந்த வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். காற்று மேலிருந்து வந்து தரையோரம் இறங்குவதால் முன்னும் பின்னும் அதிகம் பரவாது. ஆனால் சில சிறிய, பழைய விமானங்களில் ஹெப்பா இல்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

முடிந்தவரை நேரடி விமானமாக எடுங்கள். மாறிப் போவது மலிவாகத் தெரியும். ஆனால் வரிசை, பேருந்து, நடைபாதை நெரிசல் எல்லாம் இரண்டு மடங்கு. சான்றிதழ் விதிகளும் இரண்டு நாட்டுக்கு. வாரத்தின் நடுவில், நேரங்கெட்ட நேரத்தில் கிளம்பும் விமானங்களில் பொதுவாகக் கூட்டம் குறைவு.

3. சீட் தேர்வு: ஜன்னல், ஜன்னல், ஜன்னல்

2018-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 10 விமானங்களில் யார் எழுந்தார்கள், யார் யாரைக் கடந்து போனார்கள் என்று ஆய்வாளர்கள் உட்கார்ந்து குறித்தார்கள். நடமாடும் மற்றவர்களோடு ஜன்னல் சீட்காரருக்கு ஏற்பட்ட நெருக்கம் சராசரியாக 12 முறை. நடு சீட்டுக்கு 58, நடைபாதை ஓரத்துக்கு 64. ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் எழுந்து போவதும் குறைவு. பலவீனமானவரை ஜன்னலில் உட்கார வையுங்கள், அவருக்கு அடுத்த சீட்டில் நீங்கள் இருங்கள்.

என் கதையில் நானும் அதைத்தான் கடைசியில் செய்தேன். வந்தவருக்கு என் நடைபாதை சீட்டைக் கொடுத்துவிட்டு நான் நடுவில் நகர்ந்துகொண்டேன். அவருக்கும் சந்தோஷம், அம்மாவுக்கும் அந்நியருக்கும் நடுவே நான் இருந்தேன்.

கழிப்பறைக்கும் உணவு தயாரிக்கும் இடத்துக்கும் அருகே உள்ள வரிசைகளைத் தவிருங்கள். அங்கே வரிசையில் நிற்பவர்கள் உங்கள் தலைக்கு மேல்தான் மூச்சு விடுவார்கள். சீட் தேர்வுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

ஒரு பொறி: சீட் வரைபடத்தில் பக்கத்து சீட் காலியாகத் தெரிவதை நம்பிவிடாதீர்கள். சீட்டுக்குப் பணம் கட்டாதவர்களுக்கு செக்-இன்னில்தான் இடம் ஒதுக்குவார்கள். வெப் செக்-இன் பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம் முன்பு திறக்கும். திறந்த உடனே ஒருமுறை பாருங்கள், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மறுபடி பாருங்கள், கவுன்டரில் மூன்றாவது முறை கேளுங்கள். வேறு வரிசை காலியாக இருந்தால் அங்கேயே மாற்றித் தருவார்கள்.

4. பக்கத்து சீட்டையும் சேர்த்து வாங்குவதென்றால்

சில நிறுவனங்கள் பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொள்ளும் வசதியைத் தனியாக விற்கின்றன. இல்லாத இடத்தில் ‘கூடுதல் சீட்’ என்று கேட்டு வாங்கலாம். இதை இணையத்தில் நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு டிக்கெட் போட்டால், இரட்டைப் பதிவு என்று எண்ணி கணினி ஒன்றை ரத்து செய்துவிடக் கூடும். தொலைபேசியில் அழைத்து, இரண்டு சீட்டும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) வருமாறு போடச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். இரண்டு சீட் எண்களும் அடுத்தடுத்துதான் இருக்குமா? விமானம் மாறினால் அந்த ஜோடி நிலைக்குமா, நிலைக்காவிட்டால் இரண்டாவது சீட்டின் பணம் திரும்புமா? வரி, எரிபொருள் கட்டணம் எல்லாம் இரண்டு முறை பிடிப்பீர்களா? கடைசிக் கேள்வியில் நல்ல தொகை மிச்சமாகலாம்.

விமான நிலையத்தில் இரண்டு போர்டிங் பாஸும் கையில் இருக்க வேண்டும். இரண்டாவதை செக்-இன் செய்யாமல் விட்டால், ‘ஆள் வரவில்லை’ என்று அந்த சீட்டைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏறியதும் பணியாளரிடம் இரண்டு பாஸையும் காட்டி, “இது நாங்கள் வாங்கிய சீட்” என்று சொல்லிவையுங்கள்.

இலவசமாக ‘நடு சீட் காலி’ என்று சொல்லும் நிறுவனங்களின் வாக்குறுதிக்குக் கெடு தேதி உண்டு. 2020-இல் தொடங்கிய பல நிறுவனங்கள் அந்த ஆண்டு முடியும் முன்பே நிறுத்திவிட்டன. அமெரிக்காவில் மிக நீண்ட காலம் வைத்திருந்த டெல்டா விமான நிறுவனமும் 2021 ஏப்ரலோடு முடித்துக்கொண்டது. நீங்கள் டிக்கெட் எடுக்கும் தேதி முக்கியமில்லை, பறக்கும் தேதி அந்தக் கெடுவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ‘இயன்றவரை’, ‘இடவசதியைப் பொறுத்து’ என்ற சொற்கள் இருந்தால் அதை வாக்குறுதியாகவே எண்ண வேண்டாம்.

5. சான்றிதழ்கள்: கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

பலர் திருப்பி அனுப்பப்பட்டது இந்தப் படியில்தான். எங்களுடைய சான்றிதழ், விமானம் கிளம்பும்போது மாதிரி எடுத்து 72 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. நான் 68 மணி நேரம் முன்பு மூக்கில் மாதிரி கொடுக்க வைத்து, நான்கு மணி நேரம் கையிருப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். கவுன்டரில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணிவிட்டுத் தலையை ஆட்டினார். விமான நிலையத்திலேயே அவசரப் பரிசோதனை செய்து, பல மடங்கு பணம் கட்டி, அடுத்த விமானத்தில்தான் போனோம். அம்மா ஒரு இரும்பு நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். புறப்படும் நேரத்தை எழுதுங்கள். அதிலிருந்து விதியில் உள்ள மணி நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். அப்புறம் தாமதத்துக்காக 12 மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். மீதி உள்ள இடைவெளியில் முடிவு கையில் வர வேண்டும். 72 மணி நேரம் என்றால், 40 முதல் 55 மணி நேரம் முன்பு மாதிரி கொடுப்பது எனக்குச் சரியாக வந்தது. ஆய்வகம் ‘24 மணி நேரத்தில் முடிவு’ என்று சொன்னால், வார இறுதியிலும் அப்படித்தானா என்று கேளுங்கள்.

விதியைப் படிக்கும்போது இவற்றைத் தேடுங்கள்:

கணக்கு எங்கே தொடங்குகிறது? மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா?

எங்கே முடிகிறது? முதல் விமானம் கிளம்பும்போதா, கடைசி விமானம் கிளம்பும்போதா, போய் இறங்கும்போதா?

மணியா, நாளா? இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கா 2021 ஜனவரியில் ‘3 நாள்’ என்று வைத்தது. அது 72 மணி நேரம் இல்லை, விமானம் கிளம்பும் நேரம் எதுவானாலும் நாட்கணக்குதான். அதே ஆண்டு டிசம்பர் 6 முதல் அது ‘1 நாள்’ ஆனது. ஒரே நாடு ஒரே ஆண்டில் மாற்றியது என்பதால், விதியை டிக்கெட் எடுக்கும் அன்று, ஒரு வாரம் முன்பு, முந்தின நாள் என மூன்று முறை அரசின் பக்கத்திலேயே பாருங்கள்.

எந்தப் பரிசோதனை? ஆர்டி-பிசிஆர் (ஆய்வகப் பரிசோதனை) கேட்கும் இடத்தில் ஆன்டிஜென் (விரைவுப் பரிசோதனை) முடிவு செல்லாது.

பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சான்றிதழில் இருக்க வேண்டும். நம் பெயர்களில் இனிஷியல் ஒரு பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஆய்வகத்தில் ஓர் எழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். மாதிரி கொடுக்கும் இடத்திலேயே பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, திரையில் தட்டுவதைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பின்னால் திருத்த ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாள் உங்களிடம் இருக்காது.

இடையில் இறங்கும் நாட்டின் விதியையும் பாருங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் சில நாடுகள் சான்றிதழ் கேட்டன.

எல்லாவற்றையும் இரண்டு பிரதி அச்செடுங்கள், தொலைபேசியில் இணையம் இல்லாமலே திறக்கும்படியும் சேமித்துவையுங்கள். பரிசோதனை முடிவு, தடுப்பூசிச் சான்று, பயணிப் படிவம், தங்குமிட முகவரி, திரும்பும் டிக்கெட், மருத்துவர் கடிதம். மருந்து எடுத்துப் போகிறவர்களுக்குக் கடிதம் அவசியம்.

6. பணம்: அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்யாதீர்கள்

நீங்கள் ரத்து செய்தால் பெரும்பாலும் வவுச்சர்தான் கிடைக்கும், அல்லது அபராதம். நிறுவனம் ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சட்டம். ஐரோப்பிய விதி 7 நாள் கெடு வைக்கிறது. விமானம் போகாது என்று தோன்றினாலும், அவர்கள் அறிவிக்கும் வரை பொறுத்திருங்கள். வவுச்சரை ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிட்டால் பணம் கேட்பது கடினம். முகவர் வழியாக எடுத்த டிக்கெட்டின் பணம் முகவருக்குப் போய்த்தான் உங்களிடம் வரும். அதற்கு மாதங்கள் ஆகலாம். தொற்றுக் காலத்தில் நேரடியாக நிறுவனத்திடம் வாங்குவதே என் பரிந்துரை.

தேதி மாற்றக் கட்டணம் இல்லை என்றாலும் கட்டண வித்தியாசம் உண்டு. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

காப்பீட்டில் ‘தொற்றுநோய் விலக்கு’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். தொற்று பரவத் தொடங்கிய பிறகு எடுத்த பாலிசிகளில், ‘முன்பே தெரிந்த நிகழ்வு’ என்று சொல்லிப் பல நிறுவனங்கள் பணம் தர மறுக்கலாம். பயணத்துக்கு முன்பு உங்களுக்கே தொற்று வந்து போக முடியாமல் போனால் தருவார்களா, போன இடத்தில் தனிமைப்படுத்தினால் அறை வாடகை தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பட்ஜெட் போடும்போது இரண்டாவது பரிசோதனைக்கும் எதிர்பாராத மூன்று நாள் தங்கலுக்கும் பணம் ஒதுக்கிவையுங்கள்.

7. கைப்பையில்

என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க், நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், கூடுதலாக இரண்டு. வால்வு வைத்தது வேண்டாம். அது வெளியேறும் மூச்சை வடிகட்டாது, பல நிறுவனங்கள் ஏற்கவும் இல்லை. வயதானவர் என்றால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். அம்மாவுக்குக் காதுக்குப் பின்னால் புண்ணாகியது வீட்டிலேயே தெரிந்ததால், தலைக்குப் பின்னால் கட்டும் வகைக்கு மாற்ற முடிந்தது. கைச் சுத்திகரிப்பான் 100 மி.லி.க்குள், துடைப்பான் ஒரு பாக்கெட். மருந்துகள் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் இல்லை.

8. ஏறுவதிலிருந்து இறங்கும் வரை

பறக்கும் நேரத்தைவிட ஏறுவதும் இறங்குவதும்தான் எனக்குக் கவலை தந்தன. எல்லோரும் நின்றுகொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முகத்துக்கு முகம் இருக்கும் நேரம் அது. தரையில் நிற்கும்போது காற்றோட்டமும் குறையலாம். 2020 செப்டம்பரில் துபாயிலிருந்து ஆக்லாந்து போன நீண்ட பயணத்தில் நான்கு பேருக்கு விமானத்திலேயே தொற்றியதாக ஆராய்ந்தவர்கள், கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்பியபோது தரையில் நிற்கும்போது காற்றோட்டத்தை இயக்கும் துணை மின் இயந்திரம் 30 நிமிடம் அணைந்திருந்ததையும் குறிப்பிட்டார்கள். பயணிகள் உள்ளேயே இருந்தார்கள். ஆகையால் விமானம் நின்றிருக்கும் நேரத்தில் மாஸ்க்கைத் தளர்த்தவே வேண்டாம். மேலே உள்ள காற்றுத் துளையில் காற்று வரவில்லை என்று தெரிந்தால் பணியாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கடைசி அழைப்பில் ஏறுங்கள். ஆனால் பெட்டி வைக்க இடம் இருக்காது, அதனால் சீட்டுக்கு அடியில் போகிற பையோடு போங்கள். உட்கார்ந்ததும் கைப்பிடி, பெல்ட் கொக்கி, உணவுத் தட்டு, திரை நான்கையும் துடையுங்கள். ஒரு நிமிட வேலை. காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள்.

சாப்பாடு வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றுவார்கள். நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் முடித்து மாஸ்க் போட்ட பிறகு சாப்பிடுங்கள். அம்மாவும் நானும் மாறி மாறிச் சாப்பிட்டோம். தண்ணீரைத் தவிர்க்காதீர்கள், மாஸ்க்கை விலக்கி ஒரு மடக்கு, மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் மாஸ்க் கீழே விழுந்தால், முதலில் உங்கள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைப் போட வேண்டும். பயத்தில் மாஸ்க்குக்கு மேலேயே மாட்டிவிடுவார்கள், கூட வருகிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இறங்கும்போது உங்கள் முன் வரிசை நகரும் வரை உட்கார்ந்தே இருங்கள்.

9. இறங்கிய பிறகு

போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள், 14 நாள் வைத்திருங்கள். தொற்றுள்ளவர் யாராவது பயணம் செய்திருந்தால், பொதுவாக அவருடைய வரிசையையும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வரிசைகளையும்தான் சுகாதாரத் துறையினர் தேடுவார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையே ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை வயதானவர்களைப் பார்க்கப் போக வேண்டாம்.

எங்களுக்கு ஆறாம் நாள் சுகாதாரத் துறையிலிருந்து அழைப்பு வந்தது. சீட் எண் கேட்டார்கள். போர்டிங் பாஸைப் பார்த்து நடைபாதை ஓர எண்ணைச் சொன்ன பிறகுதான், நான் நடு சீட்டுக்கு நகர்ந்தது ஞாபகம் வந்தது. மறுபடி சொன்னேன். அந்த ஓர சீட்டில் இருந்தவரின் பெயரில் பதிவான எண் வேறு, அவர் உட்கார்ந்த இடம் வேறு என்று அவர்கள் திருத்திக்கொண்டார்கள். நீங்களும் சீட் மாறி உட்கார்ந்தால், உண்மையில் உட்கார்ந்த எண்ணைப் போர்டிங் பாஸின் பின்புறம் பேனாவால் எழுதிவையுங்கள், பணியாளரிடமும் சொல்லிவிடுங்கள்.